எனக்குத் தெரியாமல் நடந்த என் முதல் கல்யாணம்

முன்பெல்லாம் ஆள் செத்த பிறகுதான் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். இப்போது உயிரோடு இருக்கும்போதே நாமே மாட்டிக்கொள்கிறோம். ஊர் வந்து அதற்குக் கீழே எழுதிவிட்டுப் போகிறது. பிறகு ஊரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆணி அடித்தது நாம்தான்.

நான் அடித்த ஆணியைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அதிகம் பேச்சு வராது. (எங்க அம்மா சொல்றது: "இவன்கிட்ட மணி கேட்டா வாயத் தொறக்க மாட்டான். கைய நீட்டி மணிக்கூட்டக் காட்டுவான்.") எழுத்தும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தோடு எனக்கு நீண்ட பழக்கம் கிடையாது.

என் தொழில் கூடாரமும் உட்காரக் கதிரையும் வாடகைக்குக் கொடுப்பது. கண்டிக்குப் பக்கம் கட்டுகஸ்தோட்டையில் ஸ்டோர். கல்யாணம், சாவு, இரண்டுக்கும் என்றுதான் போர்டில் எழுதியிருக்கிறது. ஆனால் கல்யாணம் எல்லாம் ஹோட்டலுக்கும் மண்டபத்துக்கும் போய்விட்டது. சாவை இன்னும் யாரும் ஹோட்டலில் வைக்க ஆரம்பிக்கவில்லை. அதனால் எனக்குப் பெரும்பாலும் சாவு வீடுதான்.

பேஸ்புக் திறந்து தந்தவன் நிசாம். அக்குறணையில் போன் கடை வைத்திருக்கிறான். சின்ன வயதுக் கூட்டாளி.

"வேல செய்ற எடத்தப் படம் புடிச்சிப் போடு மச்சான்" என்றான். "கதிரை சுத்தமா ஈக்கிண்டு ஆக்களுக்குத் தெரியோணும். ஒன்ட மொகமும் படத்துல ஈக்கோணும். மொகம் இல்லாட்டி ஒத்தரும் நம்ப மாட்டாங்க."

போட்டேன். வேலை முடிந்ததும் கூடாரத்துக்கு முன்னால் நிற்பேன். கை பின்னால். சிரிப்பதில்லை. சாவு வீட்டு வாசலில் நின்று எப்படிச் சிரிப்பது? சட்டை வெள்ளை. கூடாரம் வெள்ளை. பின்னால் பறக்கிற கொடியும் வெள்ளை. படத்துக்கு மேலே ஊர்ப் பெயர் மட்டும் எழுதுவேன். அம்பிட்டிய. வத்தேகம. பிலிமத்தலாவ. அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

ஆட்கள் கீழே எழுதத் தொடங்கினார்கள். "ஆழ்ந்த அனுதாபங்கள்." "மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அண்ணா." சிங்கள ஆட்கள் புத்த முறைப்படி, செத்தவருக்கு நிர்வாண சுகம் கிட்டட்டும் என்று எழுதினார்கள். செத்தது யார் என்று பல இடத்தில் எனக்கே தெரியாது. ஆனால் யாராவது எழுதினால் பதில் போடவேண்டும், அதுதான் மரியாதை என்று நிசாம் சொல்லித் தந்திருந்தான். அதனால் எல்லாருக்கும் ஒரே பதில் போட்டேன். நன்றி.

இப்படியே போனது. பக்கத்தை விரலால் இழுத்துப் பார்த்தால் நான் நிற்கிறேன், பின்னால் சாவு. இன்னும் இழுத்தால் வேறு ஊரில் நிற்கிறேன், பின்னால் சாவு. எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பேக்கரிக்காரன் பாண் படம் போடுகிறான். நான் இதைப் போடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. "பையன் என்ன செய்றாரு?" என்று கேட்டு, பதிலைக் கேட்டு, எழுந்து போனவர்கள் நிறையப் பேர். கடைசியில் கடுகண்ணாவையில் ஒரு இடம் பொருந்தி வந்தது. பெண் பெயர் பவானி. பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே அண்ணன், கட்டாரில் இருக்கிறார்.

பெண்ணின் படத்தை அம்மா தந்தார். பார்த்தேன். திருப்பிக் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு இன்னொரு முறை கேட்டு வாங்கிப் பார்த்தேன். (அம்மா அன்னைக்கே கோயிலுக்கு நேர்த்தி வச்சிட்டாங்க. நான் எதையும் ரெண்டாந் தடவ பார்க்கிற ஆள் இல்ல.)

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அதைச் சொல்ல வந்த தரகர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணோட அண்ணன் பேஸ்புக்ல தேடிப் பார்ப்பாரு. எல்லாஞ் சரியா இருக்கான்னு ஒருக்காப் பார்த்துக்கங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "அதுல என்னாடா வச்சிருக்க?"

"தொழில்" என்றேன்.

அம்மா போனை வாங்கிப் பார்த்தார். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதான். இனி நான் யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்" என்றார்.

நிசாமிடம் போனேன். அவன் கடையில் உட்கார்ந்து என் பக்கத்தை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான்.

"என்னா மச்சான் இது? இதப் பார்த்தா கண்டில மனிசன் மிச்சம் ஈக்கானான்னு சந்தேகம் வருது."

"அழிச்சிருவமா?"

"அழிச்சா பக்கம் வெறும் பக்கமா ஈக்கும். ஆள் என்னத்தையோ ஒளிக்கிறாண்டு நெனப்பாங்க. அழிக்கத் தேவல்ல. மேல நல்ல படம் ஒண்டு போடுவோம். கலரா. சிரிச்ச மொகமா. வெள்ளிக்கிழம ஒனக்குக் கல்யாண வேல ஒண்டு ஈக்கி தானே?"

இருந்தது. அபூர்வமாக வந்த வேலை. கண்டி ஏரிக்கு மேல் பக்கம் ஒரு வீட்டில், முற்றத்திலேயே கல்யாணம். மாலையில் முகூர்த்தம். கூடாரமும் கதிரையும் நான். மணவறைச் சோடனை சாந்தியக்கா. மின்விளக்கு அவருடைய கணவர் செல்வண்ணன். இருவரும் பல வருடமாகச் சோடனைத் தொழில் செய்கிறவர்கள். கல்யாணச் சாப்பாட்டுக்கும் அவர்களை அழைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய் உடுத்திவர நேரமில்லை என்று சாந்தியக்கா காலையிலேயே பட்டுச் சேலையோடு வந்து பூக் குத்திக்கொண்டிருந்தார்.

நிசாம் ஜும்மாத் தொழுகைக்குப் போகவேண்டும். அவசரத்தில் வந்தான். கையில் ஒரு தங்க நிறச் சட்டை. தம்பியின் சட்டையாம். போடச் சொன்னான். போட்டேன். கீழே வேலைக் காற்சட்டைதான்.

"மணவறைல ஏறி இரி மச்சான்."

"அது மாப்பிள்ளைக் கதிரை."

"கதிரை ஆருட?"

"என்னுது."

"அப்ப இரி."

(அவன் சொன்னது சரிதான். கதிரை என்னுதுதான். மறுக்க வழியில்ல.)

ஏறி உட்கார்ந்தேன். நிசாம் போனை உயர்த்தினான். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்க" என்றான்.

"தள்ள ஏலாது பாய். இந்தப் பூச்சரத்த இப்ப கட்டாட்டி கலைஞ்சி போயிரும்" என்றார் சாந்தியக்கா. கையில் சரத்தோடு, என் கதிரையின் முதுகில் கட்டுவதற்காக என் பக்கம் குனிந்தார். பின்னால் ஏணியில் நின்று செல்வண்ணன் பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சிரி மச்சான்."

சிரித்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"என்னா, வவுத்துல நோவா?" என்றான் நிசாம்.

சாந்தியக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் நிசாம் படத்தை எடுத்துவிட்டான்.

நல்ல படம் என்றுதான் எல்லாரும் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

பேஸ்புக்குக்குச் சதுரமாக இருந்தால்தான் அழகு என்று நிசாம் கீழே என் காற்சட்டையை வெட்டினான். மேலே செல்வண்ணனின் தலையையும் உடம்பையும் வெட்டினான். போனில் இடமில்லை என்று முழுப் படத்தை அழித்தான். "மேல என்னா எழுத?" என்றான்.

"ஊர்ப் பேரு."

கண்டி என்று எழுதிப் போட்டுவிட்டு ஜும்மாவுக்கு ஓடினான்.

அன்று மாலைக்குள் என் போன் சூடாகிவிட்டது. சாவுப் படத்துக்கு நாலைந்து பேர் எழுதுவார்கள். இதற்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். "வாழ்த்துகள்." "நீடூழி வாழ்க." "எங்களுக்குச் சொல்லவே இல்லையே." "பொருத்தம் அருமை." வேலையைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பொருத்தம் என்று எழுதியது கதிரை உறையின் நிறத்தையும் மணவறைத் துணியின் நிறத்தையும் என்று நினைத்தேன். இரண்டும் மெரூன். அன்றுதான் என் தொழிலுக்கு ஒரு மதிப்பு வந்தது என்று பட்டது. ஒருவரையும் விடாமல் பதில் போட்டேன். நன்றி. நன்றி. நன்றி.

சொல்லவே இல்லையே என்று கேட்டவருக்கும் நன்றி.

சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாவு வீடு. வெள்ளைச் சட்டை போட்டேன். வெள்ளைக் கூடாரம் கட்டினேன். முன்னால் நின்றேன். படத்தைப் போட்டு ஊர்ப் பெயர் எழுதினேன்.

(ஞாயிற்றுக்கிழம வரைக்கும் மேல நல்ல படம்தான் இருக்கணும்னு நிசாம் சொல்லி இருந்தான். மறந்துட்டேன். கை பழகிப்போச்சு.)

இதற்கும் நிறைய எழுதினார்கள். "ஐயோ, நேற்றுத்தானே!" "கடவுளுக்குக் கண்ணே இல்லையா?" "இந்த வயதில் இப்படி ஒரு சோதனையா?" ஒருவர் அழுகிற பொம்மையை வரிசையாகப் போட்டிருந்தார். செத்த மனிதர் ஊரில் நல்ல பெயர் எடுத்தவர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றி. நன்றி. நன்றி.

ஞாயிற்றுக்கிழமை நிசாமின் காரில் போனோம். அவன், அம்மா, நான். அம்மா மடியில் வெற்றிலை, பழம், கேக் வைத்த தட்டு. காலையில் இருந்து தரகர் போனை எடுக்கவில்லை. "கோயிலுக்குப் போயிருப்பாரு" என்றார் அம்மா. பிலிமத்தலாவ தாண்டும்வரை அம்மா எனக்குச் சிரிக்கப் பழக்கினார். "பல்லு தெரிய வேணாம். ஒதட்ட மட்டும் கொஞ்சம் இழு." இழுத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். வாசல் படலை பாதிதான் திறந்திருந்தது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பவானியின் அப்பா மட்டும் வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராக எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே கையைக் காட்டினார். உட்கார்ந்தோம்.

நடுவில் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு வாழைப்பழச் சீப்பு. அதில் சாய்த்து வைத்த ஒரு போன். போனில் ஒரு முகம். கட்டார் அண்ணன். வணக்கம் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

பவானியின் அப்பா கண்ணாடியைப் போட்டார். தன் போனைக் கையில் எடுத்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"தம்பி. வெள்ளிக்கிழம கல்யாணம். சனிக்கிழம சாவு. இன்னைக்கு ஞாயித்துக்கிழம, எங்க வீட்டுக்கு வந்திருக்கீங்க. ஏன் தம்பி, ஒங்களுக்கு ஒரு நாள் லீவே கெடையாதா?"

எனக்குப் புரியவில்லை. வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"சீசன்ல அப்பிடித்தாங்க" என்றேன்.

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது.

அப்பா போனை என் பக்கம் திருப்பினார். தங்க நிறச் சட்டையில் நான். பக்கத்தில் பட்டுச் சேலையில் சாந்தியக்கா, கையில் பூச்சரத்தோடு, என் கழுத்துக்குப் பக்கத்தில், சிரித்துக்கொண்டு.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இது மணவறைதானே?"

"ஆமாங்க."

"வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அடுத்த நாள் அனுதாபம் சொன்னவங்களுக்கும் நன்றி சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க."

கட்டார் அண்ணன் போனுக்குள் இருந்து கத்தினார். "கேக்குறதுக்கெல்லாம் ஆமாங்கிறாரே! கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா பாருங்க அந்த மூஞ்சில!"

என் மூஞ்சியில் எப்போதும் ஒன்றும் இருக்காது. அதை அவருக்கு எப்படி விளக்குவது?

நிசாம் உதவிக்கு வந்தான். "அங்கிள், நீங்க வெளங்காம பேசுறீங்க. படம் எடுத்ததே நான்தான்."

"ஓ. கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோகாரரா?"

"ஓம். இல்ல. கல்யாணத்துக்கு இல்ல."

"சாவுக்கா?"

நிசாம் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

பவானியின் அம்மா உள்ளே இருந்து வந்தார். கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. "பொண்டாட்டி செத்து தீட்டுக்கூடக் கழியல. தட்டத் தூக்கிக்கிட்டு பொண்ணு பார்க்க வந்துட்டாங்க!" என்று சொல்லி எங்கள் மூன்று பேர் மேலும் தெளித்தார். நிசாம் மேலும். கேக் மேலும் பட்டது.

"எங்க வீட்டுல யாரும் சாகலீங்க!" என்றார் அம்மா. எழுந்துவிட்டார். "எம் மகனுக்கு இன்னும் ஒரு கல்யாணமே நடக்கல. நடந்திருந்தா நான் ஏன் இப்பிடி வந்து நிக்கிறேன்?"

"அப்ப இந்தப் பொண்ணு யாரு?"

அம்மா என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியிருக்க வேண்டிய நேரம் அதுதான்.

"கூட வேல செய்றவங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே சத்தம். கட்டார் அண்ணன் கையை ஓங்கினார். அதோடு லைன் விறைத்துவிட்டது. வாய் திறந்தபடி, கை ஓங்கியபடி அப்படியே நின்றார். யாருக்கும் கட் பண்ணத் துணிச்சல் வரவில்லை. வாழைப்பழத்தில் சாய்ந்தபடி எங்களைத் திட்டுகிற முகத்தோடு அவர் கடைசிவரை இருந்தார்.

அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "வாடா, போவோம்."

நான் எழுந்தேன். முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் பார்த்த படம்தான் ஞாபகம் வந்தது.

அப்போது உள் அறைத் திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்.

"அப்பா. அந்தக் கால் யாரோடது?"

"எந்தக் கால்?"

"படத்துல. மணவறைக்குப் பின்னால, மேல. பெருசாக்கிப் பாருங்க."

அப்பா விரலால் பெரிதாக்கினார். சாந்தியக்காவின் தலைக்கு மேலே இரண்டு கால். ஏணிக் கட்டையில். மேலே ஆள் இல்லை, நிசாம் வெட்டிவிட்டான்.

"தாலி கட்டுற நேரத்துல மணவறைக்குப் பின்னால யாராச்சும் ஏணியில நிப்பாங்களா?" என்றது குரல். "செருப்புப் போட்டுக்கிட்டு?"

அப்பா படத்தை மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பவானியின் அம்மா எட்டிப் பார்த்தார். என் அம்மா தட்டோடு எட்டிப் பார்த்தார்.

"ஒரு செருப்புல வாரு நீலம். மத்ததுல பச்ச" என்றார் அப்பா.

"செல்வண்ணன்" என்றேன். "அவரு வாரு அறுந்து வேற வாரு போட்டவரு. சாந்தியக்காவோட வீட்டுக்காரரு."

"வீட்டுக்காரரா?" என்றார் பவானியின் அம்மா. "ஐயோ, அடுத்தவன் பொண்டாட்டியையா!"

போனைப் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"சாந்தியக்கா. நீங்க உயிரோட இருக்கீங்களா?"

"இதென்ன கேள்வி லிங்கம்? இருக்கேன். பிலிமத்தலாவ வேலைக்கு வந்திருக்கேன். ஏன்?"

"கொஞ்சம் கடுகண்ணாவைக்கு வாங்க. அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. செருப்ப மாத்த வேணாம்னு சொல்லுங்க."

வந்தார்கள். ஆட்டோ நிறைய பிளாஸ்டிக் பூ. அதற்கு நடுவில் இருவரும் இறங்கினார்கள். சாந்தியக்கா உள்ளே வந்ததும் பவானியின் அம்மா போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. செம்பைக் கீழே வைத்தார்.

செல்வண்ணன் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"கழட்டாதீங்க. போட்டுக்கிட்டு உள்ள வாங்க" என்றார் பவானியின் அப்பா.

"வீட்டுக்குள்ளயா ஐயா?"

"ஆமா. வந்து இதுல ஏறுங்க."

நடுவில் ஒரு ஸ்டூல் போடப்பட்டது. செல்வண்ணன் சாமி படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது மாதிரி ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். பவானியின் அப்பா கீழே குனிந்து, ஒரு கையில் போன், படத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். இடது நீலம். வலது பச்சை. பெருவிரல் நகம் வரை சரிபார்த்தார். ரயில்வேயில் இருந்தவர். அவசரப்பட மாட்டார்.

அந்த நேரம் பார்த்து கட்டார் லைன் உயிர் பெற்றது. ஓங்கிய கை இறங்கியது. "யாருப்பா அது, செருப்போட ஸ்டூல்ல?"

"மாப்பிள்ளையோட முதல் சம்சாரத்தோட புருசன்" என்றார் அப்பா. யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

செல்வண்ணன் ஸ்டூலில் நின்றபடி படத்தை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் வேறு கோபம்.

"என்னா நிசாம் பாய், ஏன் என் தலைய வெட்டுனீங்க? இந்த லைட்டெல்லாம் நான் போட்டது."

அப்போதுதான் பவானி திரையை விலக்கிக்கொண்டு வந்தார். தட்டில் பாலில்லாத தேத்தண்ணி, பிளேன்டி. முதல் கோப்பையை வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் கொடுக்க வேண்டும். என்னைத் தாண்டிப் போனார். என் அம்மாவையும் தாண்டினார். நேராகச் சாந்தியக்காவிடம் போய் நீட்டினார்.

"நீங்க எடுங்க அக்கா. மூத்தவங்க நீங்கதானே."

முதலில் சிரித்தது சாந்தியக்கா. பிறகு என் அம்மா. அம்மா சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பவானியின் அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

பவானி கடைசியாக எனக்குக் கோப்பையைக் கொடுத்தார்.

"ஒரு கேள்வி. படத்துக்கு மேல ஊர்ப் பேரத் தவிர ஏன் ஒண்ணுமே எழுதல? இவங்க யாரு, நீங்க யாருன்னு ஒரு வரி எழுதியிருந்தா இவ்வளவும் வராதே."

"என்னா எழுதுறதுன்னு தெரியல" என்றேன்.

பவானி என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"சரி. இனி நான் எழுதுறேன்" என்றார்.

அது சம்மதம் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. காரில் வரும்போது நிசாம்தான் விளக்கினான். (அவனுக்கும் பிலிமத்தலாவ தாண்டித்தான் வெளங்கினது.)

கல்யாணம் நடந்தது. உண்மையாக நடந்தது. மணவறை சாந்தியக்கா. விளக்கு செல்வண்ணன். படத்தில் அவர் தலை வரவேண்டும் என்பதற்காக ஏணியை முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். வைத்தோம்.

அந்தப் படத்தைப் போட்டபோதும் ஆட்கள் எழுதினார்கள். "மீண்டும் வாழ்த்துகள்." "துயரத்தில் இருந்து மீண்டு வந்தது மகிழ்ச்சி." ஒரு பெரியவர், "இந்த மகளாவது நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்" என்று எழுதினார். பவானி அவருக்கு மட்டும் தனியாகப் பதில் போட்டாள்: "முயற்சி செய்கிறேன் ஐயா."

பழைய படத்தை நான் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே அழித்துவிட்டேன். ஆனால் அழியவில்லை. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். யாருக்கோ அனுப்புகிறார்கள். அவர்கள் எனக்கே அனுப்புகிறார்கள், இது நீங்களா என்று கேட்டு. வத்தேகமவில் ஒரு கடை முதலாளி இன்றும் என்னைக் கண்டால் ரேடியோவைக் குறைக்கிறார். தோளில் தட்டி, "மனச விட்டுறாதீங்க" என்கிறார். பக்கத்தில் என் மனைவியும் மகளும் நிற்கிறார்கள். அவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. அவர் மனதில் நான் வெள்ளைச் சட்டையோடு ஒரு சனிக்கிழமையில் நிற்கிறேன். விளக்கம் சொல்லிப் பார்த்தேன். "தைரியமான ஆள்" என்றார். விட்டுவிட்டேன்.

பேஸ்புக் இப்போது பவானி கையில். படத்துக்கு மேலே நீளமாக எழுதுவாள். கதிரை எந்த நிறம், கூடாரம் எவ்வளவு பெரிது, எல்லாம். கடைசியில் ஒரு வரி, எல்லாப் படத்துக்கும்: "முன்னால் நிற்பவர் உரிமையாளர். அவர் நலமாக இருக்கிறார். அவர் முகம் அப்படித்தான்."

மகள் பிறந்து பேசத் தொடங்கியதும் சாந்தியக்காவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வி வந்தது. நான் அத்தை என்றேன். பவானி ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் மூத்த சம்சாரம் என்றால் முறைப்படி பெரியம்மாதான் என்றாள். சாந்தியக்காவும் அதையே பிடித்துக்கொண்டார். தீபாவளிக்கு வந்தால், "எங்க எம் பங்கு?" என்று அடுப்படியில் நின்று கேட்பார். செல்வண்ணன் மட்டும் எப்போதாவது, "நான் அப்ப இவளுக்கு என்னா முறை?" என்று கேட்பார். யாருக்கும் தெரியாது.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் மகளைக் கூட்டிவர எங்களுக்கு நேரமில்லை. சாந்தியக்கா அந்தப் பக்கம் வேலையாக வந்தவர், ஆட்டோவில் போய் நின்றார். டீச்சர் தெரியாதவர்களோடு பிள்ளையை அனுப்ப மாட்டார். நல்ல டீச்சர். மகளைக் கேட்டிருக்கிறார்.

"யாரும்மா இவங்க?"

"பெரியம்மா டீச்சர்."

"அம்மாவோட அக்காவா?"

"இல்ல டீச்சர். அப்பாவோட மொதப் பொண்டாட்டி. கல்யாணம் முடிச்சி அடுத்த நாளே செத்துட்டாங்க. இப்ப என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க."

மறுநாள் காலையில் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். எனக்குப் பேச்சு வராது. அதனால் பவானியைப் போகச் சொன்னேன்.

அவள் தனியாகப் போகவில்லை. மூத்த சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போனாள்.